வன்னிக் காடும் வில்லுக்கத்தியும்

முல்லைத்தீவு மாவட்டத்திலே, ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடு என்னும் ஊரில், ஒரு நடுகல் நெடுங்காலம் நின்றது. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் என்னும் தளபதி பண்டாரவன்னியனை அவ்விடத்தில் முறியடித்தான் என்பதே அக்கல் சொன்ன செய்தி. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஓகஸ்ட் 25ஆம் நாள், முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையை அவ்வன்னியன் தாக்கிக் கைப்பற்றியிருந்தான். வன்னியின் சரித்திரம் பேசப் புகுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலிருந்தே தொடங்குவர். சிலை வடிப்போரும் அவன் கையில் வாளைக் கொடுத்தே வடிப்பர். அதிலே குற்றமில்லை. ஆயினும், வன்னியிலே வாள் எடுக்கப்பட்ட நாள்கள் எண்ணத்தக்கவை. கத்தி எடுக்கப்படாத நாளோ ஒன்றேனும் இருந்திருக்க முடியாது. காட்டை வெளியாக்கியதும், வேலிக்குக் கதியால் தறித்ததும், பனையோலையை வார்ந்து பாயாக்கியதும், கடலில் சிக்கிய கயிற்றை அறுத்ததும் கத்தியே. அதற்கு ஒருவரும் கல் நாட்டவில்லை. அதன் சரித்திரத்தை அலகின் வளைவிலும், கொல்லன் பட்டறையிலும், மக்கள் அதற்கு வைத்த பெயர்களிலுமே தேடல் வேண்டும்.

இத்தேட்டம் பழம்பொருள் ஆராய்ச்சி மட்டுமன்று. முல்லைத்தீவுச் சந்தையிலோ வவுனியாக் கடைவீதியிலோ சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க நினைக்கும் இளைஞன் முன்னே இன்று பலவகைக் கத்திகள் பரப்பி வைக்கப்படுகின்றன. அவற்றுள் பார்வைக்குப் பயங்கரமானதையே அவன் கை முதலில் நாடும். நீண்டு ஒடுங்கிய முனை, முதுகிலே வாட்பல், கரிய பூச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்தபின் அதனால் ஒரு மாங்காயை ஒழுங்காகச் சீவவும் இயலாது; சீவப்போய் விரலை அறுத்துக்கொள்வான். எந்த வேலைக்கு எந்த அலகு என்ற கேள்விக்கு வன்னி மக்கள் பல தலைமுறைகளாக விடை கண்டிருக்கின்றனர். அவ்விடைகளை அறிந்தவன் கடைக்காரனிடம் ஏமாற மாட்டான்.

வன்னியின் கத்திகளுள் மூத்தது காட்டுக்கத்தி. நீண்ட மரப்பிடி, அதன் தலையிலே அகன்ற அலகு, அலகின் முனை சற்றே உள்நோக்கி வளைந்திருக்கும். முன்னோக்கிக் குத்துவதற்கு இவ்வளைவு உதவாது. குத்துவதற்கென அது செய்யப்படவும் இல்லை. காரையும் சூரையும் ஈச்சையும் பின்னிக் கிடக்கும் பற்றைக்குள்ளே கையை நுழைத்தவன் முள்ளால் கிழிபடுவான். ஆகவே எட்ட நின்று, வளைந்த முனையால் கொப்பை இழுத்துப் பிடித்து, அடுத்த வீச்சிலே அடியைத் தறிக்கும்படி அமைந்தது அக்கத்தி. பிடியின் நீளமே வெட்டுபவனின் காலையும் கையையும் அலகிலிருந்து தூரத்தில் வைக்கிறது. இதையே சிறுத்து, நீண்ட கம்பின் நுனியிலே கட்டினால் கொக்கைச்சத்தகம் ஆகும். ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும், முருங்கைக்காய் பறிக்கவும் அதனினும் நல்ல கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சத்தகம் என்பது வேறொரு குடும்பம். அது கைக்குள் அடங்கும் சிறு கத்தி. சார்வோலையை வார்வதற்கும் ஈர்க்கை நீக்குவதற்கும் பெண்கள் கையாள்வது. ஒரே அளவான கீற்றுகளாக ஓலை பிரிந்தால்தான் பெட்டியும் கடகமும் கோணாமல் வரும். அதற்கு வேண்டியது வலிமையன்று, அலகின் மென்மை. பாளைக்கத்தியோ இவ்விரண்டிற்கும் மாறானது. பனையின் பாளையை நாள்தோறும் ஓர் இழையளவு சீவுவதே அதன் பணி. கூர் சற்றே மழுங்கினாலும் பாளை நசிந்து சாறு நின்றுவிடும். ஆதலால் மயிரை மழிக்கும் கூர் அதற்கு வேண்டும். அத்தகைய கூரை இடுப்பிலே கொண்டு, தளநார் பூட்டிய காலோடு மரம் ஏறுபவர் அதை உறையில்லாமல் எடுத்துச் செல்வதில்லை.

இனி அடுக்களைக்கு வந்தால் அங்கே அரிவாள்மணை. உலகத்தின் பல பாகங்களிலே கத்தி அசையும், வெட்டப்படும் பொருள் அசையாது. நம்மவர் வீட்டிலோ கத்தி மணையிலே அசையாமல் நிற்க, மீன் அசைகிறது. வெட்டுபவளின் இரு கைகளும் மீனைப் பற்றியிருக்கின்றன; அலகு எங்கே நிற்கிறது என்பதை அவள் பாராமலே அறிவாள். வழுக்கும் மீனை ஒரு கையால் பிடித்து மறு கையால் வெட்டுவதனால் வரும் விபத்து இங்கே பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் வேலை முடிந்தபின் மணையைப் படுக்கவைக்க மறந்தால் தவழும் பிள்ளைக்கு அதுவே யமன். மணையைச் சுவரோடு சாய்த்து அலகை உட்பக்கம் திருப்பி வைக்கும் பழக்கம் இவ்வச்சத்தின் பயன்.

இவ்வலகுகளுக்கு இரும்பு எங்கிருந்து வந்தது? அநுராதபுரத்தின் பழைய உள்நகரிலே அகழ்ந்து ஆராய்ந்த சிரான் தெரணியகல, கி.மு. 900 அளவிலேயே அங்கு இரும்பு வழங்கியதெனக் காட்டினார். தென்தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரில் 1899ஆம் ஆண்டு தொடங்கி அலெக்சாந்தர் றீ நடத்திய அகழ்வுகளிலே தாழிகளோடு இரும்புக் கருவிகள் ஏராளமாக வெளிப்பட்டன.  இலங்கையின் மத்திய மலைநாட்டுக்குத் தெற்கே, சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பை உருக்கிய உலைகளைக் கில் யூலெவ் என்னும் ஆங்கில ஆய்வாளர் கண்டறிந்து 1996ஆம் ஆண்டிலே உலகுக்கு அறிவித்தார். அவை ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை இயங்கியவை. இந்நாட்டவர் இரும்பை அந்நியரிடம் கற்றனர் என்று கூறுவோர் அவ்வுலைகளை ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்று. அக்கலையின் கடைசி மூச்சைப் பதிவு செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. நம் நாட்டுக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த அவர், கிராமத்துக் கொல்லர் இரும்பும் உருக்கும் செய்த முறையைத் தம் கண்ணாற் கண்டு, 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே எழுதிவைத்தார். அதற்குள் ஐரோப்பிய இரும்பு துறைமுகங்களில் மலிவாக இறங்கிவிட்டது. உள்நாட்டு உலைகள் அணைந்தன.

உலை அணைந்தாலும் பட்டறை அணையவில்லை. உருக்குவதை விட்ட கொல்லர் அடித்து வடிப்பதை விடவில்லை. இன்றும் நல்ல கத்தி வேண்டுமென்று கேட்பவருக்கு அவர்கள் சொல்வது, பழைய லொறி வில் ஒன்று கொண்டுவாருங்கள் என்பதே. வண்டியின் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிரும் அந்த உருக்குத் தகடு கத்திக்கு மிக ஏற்றது. அதைச் செந்நிறமாகக் காய்ச்சி, அடைகல்லில் அடித்து உருவாக்கி, கூர் வரும் பக்கத்தை மட்டும் நீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பர். இத்தோய்ச்சலிலேதான் கத்தியின் உயிர் இருக்கிறது. தோய்ந்த வாய் கடினமாகும். தோயாத முதுகு இளகியே நிற்கும். வாய் கூரைக் காக்க, முதுகு அதிர்ச்சியைத் தாங்கும். முழுவதும் கடினமாக்கிய அலகு வைரம் பாய்ந்த பாலையிலோ வீரையிலோ பட்டவுடன் கண்ணாடிபோல் உடைந்து, துண்டு வெட்டுபவன் முகத்திலே பாயும். மலிவான இறக்குமதிக் கத்திகளைக் காட்டுவேலைக்கு எடுத்துச் செல்வோர் இதை அறிதல் வேண்டும்.

மடக்குக் கத்தியின் கதை இவ்வனத்திலே தொடங்கவில்லை, எழுத்திலே தொடங்குகிறது. தமிழர் ஓலையிலே எழுதிய காலத்தில் எழுத்தாணிகள் பலவகையாக இருந்தன. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்பன அவற்றுட் சில. இவற்றுள் மடக்கெழுத்தாணி விசேடமானது. அதன் பிடியின் ஒரு முனையிலே எழுதும் ஊசி. மறு முனையிலே ஓலையை வாரவும் நறுக்கவும் ஒரு சிறு கத்தி. இரண்டையும் பிடிக்குள்ளே மடக்கிவிடலாம். ஊர் உடையாருக்கும், கோயிற் கணக்கருக்கும், வாகடம் படியெடுக்கும் வைத்தியருக்கும் இஃது இன்றியமையாத பொருளாயிற்று. மடியிலே கூர்முனை குத்தாமல் எடுத்துச் செல்லுதற்கு மடக்குதலே வழி.

ஐரோப்பாவிலும் கதை இதுவே. அங்கே பறவையின் இறகால் எழுதினர். இறகின் நுனி எழுத எழுதத் தேயும். மீண்டும் மீண்டும் சீவிக்கொள்ள ஒரு சிறு கத்தி வேண்டும். அதனால் அதற்குப் பேனாக்கத்தி என்ற பெயர் வந்தது. இறகுப் பேனா மறைந்து நூற்றாண்டுகள் ஆகியும் பெயர் மறையவில்லை. வாத்திறகு சீவும் கத்தியும் பனையோலை வாரும் கத்தியும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே தேவையிலிருந்து பிறந்து, ஒரே முடிவுக்கு வந்தன. சிறிய, மெல்லிய, கைக்குள் மடங்கும் அலகு என்பதே அம்முடிவு.

இங்கிலாந்திலே இக்கத்திகளுக்குப் புகழ்பெற்ற நகரம் ஷெபீல்ட். கத்தி செய்வோர் சங்கம் அங்கே 1624ஆம் ஆண்டில் சட்டப்படி அமைந்தது. அந்நாட்டின் கத்தித் தொழிலோடு நம்மவர் உருக்கு ஒருமுறை நேரிலே சந்தித்தது. 1795ஆம் ஆண்டு, பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட இந்திய உருக்குக் கட்டிகளை இலண்டன் வேத்தியற் கழகத்தின் தலைவர் ஜோசப் பாங்க்ஸ் ஆராயக் கொடுத்தார். வூட்ஸ் என்று ஆங்கிலேயர் அழைத்த அப்பெயர் கன்னடத்து உக்கு என்பதன் திரிபென்பர். தமிழின் உருக்கு அதற்கு உறவு. ஜோர்ஜ் பியர்சன் என்னும் மருத்துவர் அதன் இயல்பை ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். ஸ்ரோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளி அதன் ஒரு துண்டை எடுத்து, வாளோ ஈட்டியோ அன்று, ஒரு பேனாக்கத்தியையே அடித்தார். அடிப்பதற்கு மிகக் கடினமாக இருந்தது என்றும், அடித்து முடித்தபின் பல தேவைகளுக்கு அந்நாட்டில் வழங்கிய எவ்வுருக்கினும் இது மேலானது என்றும் அவர் கருதினார். பின்னர் மின்னியலிலே பெரும்பெயர் பெற்ற மைக்கேல் பரடே, தம் இளமையில் இதே ஸ்ரோடார்ட்டோடு சேர்ந்து உருக்குக் கலப்புகளை ஆராய்ந்தார். துருவேறா உருக்கை 1913இலே ஹரி பிறியர்லி கண்டதும் அந்த ஷெபீல்ட் நகரிலேதான்.

பிரித்தானியர் ஆட்சிக்காலத்திலே நம்மூர்க் கடைகளுக்கு வந்த மடக்குக் கத்திகளுக்கு ஈழத்துத் தமிழர் இட்ட பெயர் வில்லுக்கத்தி. பெயரிட்டவர் யாராயினும் பொருளை நன்கு பார்த்தவர். அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்துவது பிடியின் முதுகிலே கிடக்கும் உருக்கு வில். வெற்றிலை மடிக்கும் முதியவரின் கொட்டைப்பெட்டிக்குள்ளும், வயலுக்குச் செல்பவரின் மடியிலும் அது இடம் பிடித்தது. பாக்கைச் சீவ, பனங்கிழங்கின் நுனியை நறுக்க, சாக்கின் கட்டை அறுக்க, எழுதுகோலைச் சீவ என்று அதற்கு வேலை குறைவில்லை. 1895ஆம் ஆண்டு ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் உத்தியோகத்தர் வன்னி மாவட்டங்களைப் பற்றி வெளியிட்ட கைந்நூலில் நாம் காணும் வன்னி, காடும் குளமும் காய்ச்சலுமாகக் கிடந்து, ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவிலே சிதறியிருந்த வன்னி. அத்தகைய நாட்டிலே, வழியில் ஒன்று முறிந்தால் கையிலுள்ளதைக்கொண்டே திருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் இருபதாம் நூற்றாண்டிலே இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களை அண்டிக் குடியேற்றங்கள் பெருக, யாழ்ப்பாணத்துப் பனைக்கத்திகளும் வன்னிக் காட்டுக்கத்திகளும் ஒரே வளவில் சேர்ந்தன. வில்லுக்கத்தியோ இருதரத்தாருக்கும் பொதுவாயிற்று.

இப்போது வடிவத்துக்கு வருவோம். கத்தியின் அலகிலே மூன்று பகுதிகளை நோக்கல் வேண்டும்: முனை, வயிறு, முதுகு. கத்தி வாங்குவோரின் கண் முனையிலேயே நிற்கிறது. வேலை பெரும்பாலும் நடப்பது வயிற்றிலே. விபத்தோ முனையாலும் முதுகு தரும் பிழையாலும் வருகிறது.

முனையின் ஆபத்தை அரசரும் அறிந்திருந்தனர். பிரான்சு நாட்டின் பதினான்காம் லூயி மன்னன் 1669ஆம் ஆண்டிலே கூர்முனைக் கத்திகளைத் தடைசெய்து, இருந்தவற்றின் முனைகளை மழுக்கும்படி கட்டளையிட்டான். விருந்து மேசையில் தொடங்கிய சச்சரவு இரத்தத்தில் முடியாதிருக்க அவன் கண்ட வழி அது. மேற்கு நாட்டு மேசைக்கத்தி இன்றும் வட்ட முனையோடு இருப்பதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணம். பாய்க்கப்பல் மாலுமிகளும் முனையில்லாத கத்தியையே நாடினர். வாய் நேராக ஓட, முதுகு நுனியிலே வட்டமாக இறங்கி அதனைச் சந்திக்கும் அவ்வடிவத்தை ஆங்கிலேயர் ஆட்டுக்கால் அலகு என்பர். ஆடும் கப்பலிலே கால் தவறினாலும் அது வயிற்றிலே பாயாது. கயிற்றின்மேல் வைத்து அழுத்தினால் வாய் முழுவதும் கயிற்றிலே படும். இவ்வடிவம் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளருக்கு இன்றும் மிகப் பொருத்தமானது. கரைவலைக் கயிறு காலைச் சுற்றும்போதும், தங்கூசி வலை இயந்திரத்தின் விசிறியிலே சிக்கும்போதும் கத்தி உடலுக்கு அண்மையிலே, அவசரத்திலே, ஈரக்கையாலே பயன்படுகிறது. அங்கே கூர்முனை இருப்பது மனிதனுக்கும் ஆகாது, காற்றடைத்த மிதவைக்கும் ஆகாது.

இதற்கு எதிர்முகமாக நிற்பது கத்தரித்த முனை. முதுகின் நுனிப்பாகத்தை உள்வளைவாகச் செதுக்கி முனையை ஊசியாக்குவது இது. அமெரிக்காவிலே 1827ஆம் ஆண்டு நடந்த ஒரு சண்டையால் ஜேம்ஸ் போவி என்பவன் பெயர் பரவியது. அவன் பெயரால் வழங்கிய பெரிய கத்திகளிலே பெரும்பாலும் இம்முனையே காணப்பட்டது. வேட்டைத் தோலை உரிப்போருக்கு அது உதவலாம். வளவிலே நிற்பவனுக்கு அதனால் ஆவது சிறிது. மெல்லிய முனை கிழங்கிலே சிக்கித் திருகும்போது முறிவதே அடிக்கடி நிகழும். பருந்தின் அலகுபோல் உள்நோக்கி வளைந்த மடக்குக் கத்தியும் உண்டு. அதைப் பார்த்தவுடன் வன்னியிலே பிறந்தவர் கொக்கைச்சத்தகத்தின் பிள்ளை என்பர், உறவு உண்மையே. கொடியை இழுத்து அறுக்கவும், குழை ஒடிக்கவும் நன்று. பலகையிலே வைத்து வெங்காயம் அரிய அது உதவாது. தன்னை நோக்கி இழுத்தே வெட்ட வேண்டியிருப்பதால் பழகாத கையிலே ஆபத்துமாகும்.

ஒரே ஒரு கத்தி வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு ஏற்றது தாழ்ந்த முனையுடைய அலகே. முதுகு பிடியிலிருந்து நேராக வந்து நுனியை நோக்கி மெல்ல இறங்குகிறது. வாய் நடுவிலே சற்றே வயிறு வைத்து மேலெழுகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் அலகின் நடுக்கோட்டுக்கு அண்மையிலே இருக்கும். முனை உண்டு, ஆனால் அதன் பின்னே உருக்குத் தடிப்பாக நிற்பதால் எளிதில் முறியாது. வயிறு உண்டு, ஆதலால் மாங்காயும் மீனும் வழுவாமல் வெட்டுப்படும். அலகின் நீளம் மூன்று அங்குலத்துக்கு மேற்பட வேண்டியதில்லை. உள்ளங்கை அகலத்துக்கு மேற்பட்ட அலகைச் சட்டைப்பையிலே கொண்டு திரிபவர் அதைக் கருவியாகக் கருதவில்லை என்றே பிறர் எண்ணுவர். முதுகிலே வாட்பல் வேண்டாம். பெருவிரலை முதுகிலே வைத்து அழுத்த வேண்டிய வேலையே நாள்தோறும் வருவது. அங்கே பல் இருந்தால் விரல் எங்கே போகும்? ஓலைவேலை செய்பவரும், கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுபவரும் நேர்வாய் அலகை விரும்புவர். மடக்கெழுத்தாணியின் கத்திக்குரிய நியாயமே அங்கும் செல்லும்: நேரான வெட்டுக்கு நேரான வாய்.

அலகைத் தெரிந்தபின் பூட்டைப் பார்த்தல் வேண்டும். பழைய வில்லுக்கத்தியிலே வில் அலகை நிறுத்துகிறதேயன்றிப் பூட்டுவதில்லை. முதுகிலே அழுத்தம் வந்தால், அல்லது முனையால் எதையேனும் குத்தித் திறக்க முயன்றால், அலகு மடங்கி நேரே விரல்களின்மேல் விழும். வில்லுக்கத்தியால் நேரும் காயங்களுள் கொடியது இதுவே. சுவிற்சர்லாந்துப் படையினருக்கு 1891இல் வழங்கப்பட்ட புகழ்பெற்ற மடக்குக் கத்தியும் இவ்வகையைச் சேர்ந்ததே. துப்பாக்கியைக் கழற்றவும் தகரப்பேணியைத் திறக்கவும் கத்தியைத் தவிர வேறு அலகுகளை அதிலே சேர்த்ததற்குக் காரணம், கத்தி முனையை அவ்வேலைகளுக்குப் பயன்படுத்தாமைக்கே. பிரான்சின் சவோய் மலைப்பகுதியிலே 1890இல் ஜோசப் ஒப்பினெல் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு, 1955ஆம் ஆண்டிலே ஒரு சுழலும் வளையம் சேர்க்கப்பட்டது. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அது மடங்காது. இன்று பலவகைப் பூட்டுகள் உண்டு. வாங்கும்போது திறந்து பூட்டி, அலகின் முதுகை மரத்திலே மெல்லத் தட்டிப் பார்த்தல் வேண்டும். நழுவினால் அக்கத்தி வேண்டாம். பூட்டில்லாத கத்தியே கையிலுள்ளதானால், அதனைக்கொண்டு குத்துதலும் திருகுதலும் தள்ளுதலும் ஆகா. சீவுதலும் அறுத்தலும் மட்டுமே அதன் தொழில்.

மழுங்கிய கத்தி ஆபத்தற்றது என்று எண்ணிப் பிள்ளைகளிடம் கொடுப்போர் உளர். இஃது அறியாமை. கூருள்ள கத்தி வைத்த இடத்திலே இறங்கும். மழுங்கியதோ பலங்கொண்டு அழுத்தப்பட்டு, வழுக்கி, எதிர்பாராத பக்கத்திலே பாயும். தீட்டுக்கல்லை நனைத்து, முதுகை ஏறத்தாழ 20 பாகை உயர்த்தி, கல்லிலிருந்து ஒரு மெல்லிய படலத்தைச் சீவுவதுபோல் இருபக்கமும் சமமாக இழுத்தால் கூர் வரும். வெட்டும்போது அலகு செல்லும் வழியிலே விரலோ தொடையோ இருத்தல் ஆகாது. கை நீட்டிச் சுற்றினால் எட்டும் வட்டத்துக்குள்ளே மற்றொருவர் நிற்றலும் ஆகாது. நடக்கும்போது மடக்கியே வைத்தல் வேண்டும். விழும் கத்தியைப் பிடிக்கக் கை நீட்டாமல் காலை விலக்கிக்கொள்ளல் வேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்று கூறி, அதை நிலத்திலே வைத்து மற்றவரை எடுக்கச் சொல்வது நம் முதியோர் வழக்கம். பகை வருமோ வராதோ, இரண்டு கைகள் ஒரு அலகை ஒரே நேரத்தில் பற்றாமல் அவ்வழக்கம் காத்திருக்கிறது.

வன்னிக்கே உரிய சில அபாயங்களும் உள. 1990ஆம் ஆண்டின் பின், போர்க்காலத்திலே, வன்னியின் பெரும்பகுதிக்குள் எரிபொருள், சீமெந்து, இரும்பு முதலிய பல பொருள்கள் செல்லத் தடை இருந்தது. கொல்லர் பழைய இரும்பையே நம்பினர். 2009 மே மாதத்திலே போர் முடிந்தது. வவுனியாவின் மெனிக்பாம் முகாம்களிலிருந்து கட்டங்கட்டமாக மக்கள் திரும்பினர். அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. திரும்பியவர்கள் கண்டது வளவன்று, பற்றை. அன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலிலே வேண்டியிருந்தது காட்டுக்கத்தி. கண்ணிவெடி அகற்றும் பணியோ போர் முடிந்து ஒன்றரைப் பதிற்றாண்டு சென்றபின்னும் தொடர்ந்தது. நிலத்திலே புதைந்து தோன்றும் இரும்பைக் கத்தி முனையால் தோண்டிப் பார்ப்பதும், வெடிக்காத பொருள்களைப் பழைய இரும்பென்று பட்டறைக்கு எடுத்துச் செல்வதும் உயிரையே கொண்டுபோகும் செயல்கள். அத்தகைய பொருளைக் கண்டால் தொடாமல் விலகி, இடத்தை அடையாளம் வைத்து அதிகாரிகளுக்கு அறிவித்தலே முறை. லொறி வில் எது என்று உறுதியாகத் தெரிந்த இரும்பு மட்டுமே உலைக்குப் போகவேண்டும்.

மற்றொன்று பாம்புக்கடி. புடையன் தீண்டிய இடத்தை வில்லுக்கத்தியால் கீறி இரத்தத்தை உறிஞ்சி உமிழவேண்டும் என்று ஒருகாலத்து முதலுதவி நூல்களே கற்பித்தன. காட்டுக்குப் போவோர் கத்தியை அதற்காகவே வைத்திருந்ததும் உண்டு. இன்றைய மருத்துவம் அதனை முற்றாக விலக்குகிறது. கீறுவதால் நஞ்சு வெளியேறுவதில்லை. புடையனின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையையே கெடுப்பதால், கீறிய இடத்திலிருந்து குருதி நில்லாமல் ஒழுகும். கடிபட்டவரை அசையவிடாமல், அணிகலன்களைக் கழற்றி, நஞ்செதிர் மருந்துள்ள வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுசெல்லல் வேண்டும். அப்போது கத்திக்கு அங்கே வேலையில்லை.

கத்தியே காயம் செய்துவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, காயம்பட்ட அங்கத்தை உயர்த்தி வைத்தால் சாதாரணக் குருதி நிற்கும். கோப்பித்தூளும் சுண்ணாம்பும் மண்ணும் வைத்தல் ஆகாது. நீரால் நன்கு கழுவுதல் வேண்டும். வயலிலும் மாட்டுப்பட்டியிலும் நேர்ந்த காயமானால் ஏற்புவலித் தடுப்பூசியைப் பற்றி வைத்தியரைக் கேட்டல் வேண்டும். துருப்பிடித்த கத்தியே ஏற்புவலிக்குக் காரணம் என்பது பொதுநம்பிக்கை. காரணம் துருவன்று, மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி. பளபளக்கும் கத்தியிலும் அது ஒட்டியிருக்கலாம். விரல் மடங்க மறுத்தாலோ, நுனி மரத்துப்போனாலோ உள்ளே நரம்போ தசைநாரோ அறுபட்டிருக்கும். அதை வீட்டிலே கட்டிவைத்துக் காத்திருத்தல் ஆகாது.

முல்லைத்தீவின் கடற்காற்று இரும்பைத் தின்னும். கரையோரத்தவர் துருவேறா உருக்கை வாங்குதல் நன்று. அதுவும் உப்பிலே நெடுநாள் கிடந்தால் புள்ளி விழும். உள்ளூர்க் கொல்லன் அடித்த உருக்கு எளிதில் துருவேறும், ஆனால் ஒரு கல்லிலே இலகுவாகக் கூரேறும். குளத்தையும் காட்டையும் சார்ந்தோர் அதையே விரும்புவர். எவ்வகையாயினும் வேலை முடிந்ததும் நன்னீரிலே கழுவித் துடைத்து, வில் இருக்கும் மூட்டிலே ஒரு துளி எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பார்த்து, ஈரமில்லாத இடத்திலே, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்திலே வைத்தல் வேண்டும்.